கொழுப்பு குறைந்தது, கால் ஏன் வீங்குகிறது?

இருதயத் தளர்ச்சி உள்ளோர் கொலஸ்ரோல் இலக்கத்தை மட்டும் நம்பியிருத்தல் தகாது. சிறுநீரகம் சொல்வதையும் கேட்டல் வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை மாலை. இலண்டனிலிருந்து பாரிசுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு.

“அண்ணா, அப்பாவின்ரை கொலஸ்ரோல் நல்லாய்க் குறைஞ்சிட்டுது. இப்ப மூண்டு தசம் ஒண்டு.”

தங்கையின் குரலில் மகிழ்ச்சி. பாரிசில் இருக்கும் அண்ணனுக்கோ குழப்பம். அவரது குருதிப் பரிசோதனைத் தாளில் 1.90 என்று இருக்கிறது. அப்படியாயின் அப்பாவுக்குத் தம்மைவிடக் கூடவல்லவா? கொழும்பிலிருக்கும் அத்தையைக் கேட்டால், தமக்கு 190 என்கிறார். மூவரும் மூன்று நாட்டு இலக்கங்களை வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசுகின்றனர். அதே வேளையில், இலண்டன் வீட்டின் வரவேற்பறையில் அமர்ந்திருக்கும் அப்பாவின் கால்கள் காலுறையின் தடம் ஆழப் பதியும் அளவுக்கு வீங்கியிருக்கின்றன. இரவில் ஒரு தலையணையுடன் உறங்கியவர் இப்போது மூன்றை அடுக்கிக்கொள்கிறார். காற்சட்டை இடுப்பில் நிற்பதில்லை. சோற்றைக் கண்டால் வேண்டாம் என்கிறார்.

இரண்டு கிழமைகளின் பின்னர் இன்னொரு செய்தி வருகிறது. “கிட்னி இலக்கம் கூடியிருக்காம்.” உடனே பாரிசிலிருந்து தீர்ப்பும் வருகிறது. “எல்லாம் அந்தக் குளிசையளாலைதான். உடனை நிப்பாட்டச் சொல்லு!”

இது ஏதோ ஒரு வீட்டின் கதையன்று. புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவர் வீடுகள் பலவற்றில் கேட்கின்ற உரையாடல்களின் சேர்க்கை. இதில் மூன்று பிழைகள் உள்ளன. கொலஸ்ரோல் குறைந்ததை நோய் குறைந்ததாகக் கொண்டமை முதலாவது. வீக்கத்தையும் மெலிவையும் முதுமையின் கணக்கில் எழுதியமை இரண்டாவது. சிறுநீரக இலக்கம் உயர்ந்தவுடன் மருந்தைக் குற்றவாளியாக்கியமை மூன்றாவது. மூன்றாவது பிழை உயிரைப் பறிக்கக்கூடியது. ஆதலால் இவற்றைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

நாட்டுக்கொரு அளவுகோல்

முதலில் இலக்கக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பிரித்தானியா, கனடா, நோர்வே, சுவிற்சர்லாந்து, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் கொலஸ்ரோல் ஒரு லீற்றர் குருதியில் எத்தனை மில்லிமோல் என்று அளக்கப்படுகிறது. இலங்கையிலும் இந்தியாவிலும், ஜேர்மனியின் பெரும்பாலான ஆய்வுகூடங்களிலும் ஒரு டெசிலீற்றரில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதுவர். பிரான்சில் ஒரு லீற்றரில் எத்தனை கிராம் என்பதே வழக்கம்.

மில்லிமோல் இலக்கத்தை 38.67 ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கிடைக்கும். எனவே அப்பாவின் 3.1 என்பது கொழும்புக் கணக்கில் 120. பிரெஞ்சுக் கணக்கில் 1.20. அண்ணனின் 1.90 உம் அத்தையின் 190 உம் ஒரே அளவே. இலண்டனில் அதனை 4.9 என்று எழுதுவார்கள்.

சிறுநீரகத்தை அளக்க உதவும் கிரியற்றினின் என்ற பொருளுக்கும் இவ்வாறே இரு அளவுகள் உள்ளன. இலண்டனில் 150 மைக்கிரோமோல் என்றால், அதனை 88.4 ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 1.7 மில்லிகிராம் வரும். நாடுவிட்டு நாடு மாறியவர்களும், ஊரிலிருந்து பழைய அறிக்கைகளைக் கொண்டுவந்தவர்களும் இதனை அறிந்திருத்தல் நன்று. இலக்கத்தின் அருகே சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் அலகைப் பாராமல் ஒப்பிடுதல், பவுணையும் ரூபாயையும் ஒன்றென எண்ணுவதற்கு ஒப்பானது.

தளர்ந்த இயந்திரமும் காய்ந்த பாத்தியும்

வைத்தியர்கள் ஆங்கிலத்தில் சொல்லும் பெயரை நேரே தமிழாக்கினால் ‘இருதயச் செயலிழப்பு’ என்று வரும். இதைக் கேட்ட குடும்பத்தினர் இருதயம் நின்றுவிடப் போகிறது என்று நடுங்குவர். அல்லது, நிற்கவில்லையே என்று அலட்சியமாக இருப்பர். இரண்டும் பொருந்தா. இருதயம் இயங்குகிறது, ஆனால் உடலுக்குத் தேவையான அளவு குருதியைத் தள்ளும் வலு அதற்குக் குறைந்துவிட்டது. ஆதலால் ‘இருதயத் தளர்ச்சி’ என்றே இங்கு குறிப்பிடுகிறோம். மாரடைப்பினால் தசையின் ஒரு பகுதி இறந்துபோதல், நெடுங்காலக் குருதியழுத்தம், நீரிழிவு, வால்வுப் பழுது முதலியன இதற்குக் காரணமாகும். தெற்காசிய வழிவந்தோரிடையே நீரிழிவும் முடியுருநாடி அடைப்பும் ஏனையோரைவிட இளவயதிலேயே தோன்றுகின்றன என்பது பல நாடுகளில் உறுதிசெய்யப்பட்ட உண்மை. ஆகவே இது எமது சமூகத்துக்கு அந்நியமான நோயன்று.

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் இயந்திரம் பூட்டிக் கிணற்றுநீர் இறைத்தவர்களுக்கு இந்நோயை விளக்குதல் எளிது. இயந்திரம் நன்றாக இழுத்தால் வாய்க்கால் வழியே கடைசிப் பாத்திவரை நீர் பாயும். இயந்திரம் தளர்ந்தால் கடைசிப் பாத்தி காயும். எமது உடலில் நீருக்கு மிகவும் ஏங்கும் பாத்தி சிறுநீரகமே. ஓய்வாக இருக்கும்போது இருதயம் தள்ளும் குருதியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு இரு சிறுநீரகங்களுக்கும் செல்கிறது. அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தை வடித்து, அதில் பெரும்பகுதியை மீண்டும் குருதிக்கே அனுப்பி, ஒன்றரை லீற்றர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன.

குருதி வரத்துக் குறைந்ததும் சிறுநீரகம் ஒரு தவறான முடிவுக்கு வருகிறது. உடலில் நீர் வற்றிவிட்டது, பெருங்காயத்தில் குருதி சிந்திவிட்டது என்றே அது கருதுகிறது. பழுதடைந்தது இறைக்கும் இயந்திரம் என்பதை அது அறியாது. எனவே உப்பையும் நீரையும் வெளியேவிடாமல் பிடித்துவைக்கிறது. குருதிக் குழாய்களை இறுக்கும் சுரப்புகளையும் தூண்டிவிடுகிறது. கிணற்றில் நீர் நிறைந்திருக்க, பாத்தி காய்கிறதே என்று மேலும் மேலும் நீரைக் கிணற்றிலேயே தேக்கிவைப்பது போன்ற செயல் இது. தேங்கிய நீர் முதலில் காலில் இறங்குகிறது. பின்னர் வயிற்றிலும் நுரையீரலிலும் சேர்கிறது. மூன்று தலையணைகளின் காரணம் இதுவே.

துன்பம் இத்துடன் முடிவதில்லை. நாளங்களில் குருதி தேங்குவதால் சிறுநீரகத்திலிருந்து வெளியேறும் வழியிலும் அழுத்தம் கூடுகிறது. வரத்தும் குறைவு, போக்கும் அடைப்பு. இவ்வாறு இருதயம் சிறுநீரகத்தையும், சிறுநீரகம் இருதயத்தையும் மாறிமாறிக் கீழே இழுக்கும் நிலையை மருத்துவர்கள் ‘இருதய–சிறுநீரக நோய்த்தொகுதி’ என்று அழைக்கின்றனர். ஆகவே இருதயத் தளர்ச்சி உள்ளவரின் கிரியற்றினின் உயர்ந்தால், மருந்து கெடுத்துவிட்டதா என்று கேட்குமுன், இருதயம் மேலும் தளர்ந்துவிட்டதா, நீர் தேங்கியிருக்கிறதா என்றே முதலில் கேட்டல் வேண்டும்.

கொலஸ்ரோல் ஏன் குறைந்தது?

கொலஸ்ரோல் என்றதும் அதனை நஞ்சென எண்ணுகிறோம். உண்மையில் அது உடலின் ஒவ்வொரு கலத்தின் சுவருக்கும் தேவையான பொருள். பித்தநீரும் பல ஓமோன்களும் விற்றமின் டியும் அதிலிருந்தே உருவாகின்றன. எமது கொலஸ்ரோலின் பெரும்பகுதி உணவிலிருந்து வருவதன்று. ஈரல் முதலிய உறுப்புகளே அதனை ஆக்குகின்றன. அது குருதியில் மிகுந்து நாடிச் சுவர்களில் படியும்போதுதான் மாரடைப்புக்கு வழிசெய்கிறது.

இருதயம் தளரும்போது ஈரலிலும் குருதி தேங்கி அது வீங்குகிறது. வீங்கிய ஈரலின் ஆக்கத்திறன் குறைகிறது. குடற்சுவரும் வீங்குவதால் உண்டது சரிவர உறிஞ்சப்படுவதில்லை, பசியும் அற்றுப்போகிறது. உடல் முழுவதும் மெல்லிய அழற்சி பரவி, தசையையும் கொழுப்பையும் கரைக்கிறது. அப்பாவின் காற்சட்டை இடுப்பில் நில்லாமைக்கும், கொலஸ்ரோல் 3.1 ஆக வீழ்ந்தமைக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம். வீங்கிய கால்களின் நீர் எடையைக் கூட்டிக்காட்டுவதால், உள்ளே தசை கரைவது நிறுவையில் தெரியாமலும் போகலாம்.

இது வெறும் ஊகமன்று. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று, முற்றிய இருதயத் தளர்ச்சியுள்ள 1,134 பேரை ஆராய்ந்தது. அவர்களுள் கொலஸ்ரோல் மிகக் குறைந்திருந்தவர்களே அதிகமாக இறந்தனர். 2003ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆய்வாளர் வெளியிட்ட இன்னொரு கட்டுரையில், கொலஸ்ரோல் ஒவ்வொரு மில்லிமோல் கூடியிருந்தபோதும் உயிர்பிழைக்கும் வாய்ப்பு 25 வீதம் கூடியிருந்தமை காட்டப்பட்டது. நலமாக உள்ள மனிதருக்குச் சொல்லப்படும் பாடத்துக்கு இது நேரெதிர்.

அப்படியாயின் இனிமேல் நெய்யும் ஆட்டிறைச்சியும் தாராளமாக உண்ணலாமா? கூடாது. புகை எழுந்தால் உள்ளே நெருப்பு உண்டென்று அறிகிறோம். புகையை மூடிவிட்டால் நெருப்பு அணைந்துவிடுமா? குறைந்த கொலஸ்ரோல் நோய் முற்றியதன் அறிகுறி, நோய்க்குக் காரணமன்று. உணவில் கொழுப்பைச் சேர்த்து இலக்கத்தை உயர்த்துவதால் இருதயம் வலுப்பெறும் என்பதற்குச் சான்று இல்லை.

ஸ்ரற்றின் மாத்திரைகள்: யாருக்கு, எப்போது?

கொலஸ்ரோலைக் குறைக்கும் ஸ்ரற்றின் மருந்துகளின் வரலாறு ஜப்பானிய அறிஞர் அகிர எண்டோ 1970களில் பூஞ்சணத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளோடு தொடங்கியது. 1994இல் வெளியான ஸ்கண்டிநேவிய நாடுகளின் ஆய்வு அவற்றின் பெருமையை நிலைநாட்டியது. நெஞ்சுநோவு அல்லது மாரடைப்புக் கண்ட 4,444 பேரில் சிம்வாஸ்ரற்றின் உட்கொண்டவர்களின் மரணம் 30 வீதத்தால் குறைந்தது. ஆனால் இருதயத் தளர்ச்சிக்கு மருந்து தேவைப்பட்டோர் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அவர்களுக்கென நடத்தப்பட்ட இரு பேராய்வுகள் பின்னரே வந்தன. 2007இல் வெளியான முதலாவதில், மாரடைப்பு வழியாக இருதயம் தளர்ந்த, 60 வயதும் அதற்கு மேலுமான 5,011 பேர் பங்குபற்றினர். றொசுவாஸ்ரற்றின் அவர்களின் தீய கொலஸ்ரோலை 45 வீதத்தால் குறைத்தது. ஆயினும் மரணத்தையும் மாரடைப்பையும் பாரிசவாதத்தையும் சேர்த்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவது மட்டும் ஓரளவு குறைந்தது. 2008இல் இத்தாலியில் 4,574 பேரிடம் நடத்தப்பட்ட இரண்டாவது ஆய்வும் பயன் காணவில்லை. ஆனால் இரண்டிலும் மருந்து தீங்கு செய்யவில்லை என்பதும் தெளிவாயிற்று.

சிறுநீரகத்தின் பக்கமிருந்து பார்த்தாலும் இதே கதைதான். நாட்பட்ட சிறுநீரக நோயுள்ள 9,270 பேரிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், கொலஸ்ரோலைக் குறைத்தமையால் நாடி அடைப்பு சார்ந்த நிகழ்வுகள் 17 வீதத்தால் குறைந்தன. ஆனால் குருதியை இயந்திரத்தில் சுத்திகரிக்கும் நிலைக்கு வந்துவிட்டவர்களுக்கு ஸ்ரற்றினைப் புதிதாகத் தொடங்கியபோது, 2005இல் வெளியான ஜேர்மன் ஆய்விலும் 2009இல் வெளியான பன்னாட்டு ஆய்விலும் எதிர்பார்த்த பயன் கிடைக்கவில்லை.

இவற்றிலிருந்து வாசகர்கள் கொள்ளவேண்டிய முடிவு யாது? நாடி அடைப்பினைத் தடுப்பதில் ஸ்ரற்றின் வல்லது. முன்கூட்டியே கொடுத்தால் பெரும்பயன் தரும். தளர்ந்த இருதயத்தைத் தூக்கி நிறுத்தும் ஆற்றல் அதற்கில்லை. முன்னர் மாரடைப்பு வந்தவர்கள், நாடியில் வலைக்குழாய் பொருத்தியவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் ஆகியோருக்கு வைத்தியர் அதனைத் தொடரச் சொன்னால் தொடரவே வேண்டும். இலக்கம் குறைந்துவிட்டது, இனித் தேவையில்லை என்று தாமாக நிறுத்துவது தவறு.

ஒரு சிறப்புக் குறிப்பு: றொசுவாஸ்ரற்றினை ஆசிய வழிவந்தோருக்கு 5 மில்லிகிராம் என்ற குறைந்த அளவில் தொடங்குமாறு அம்மருந்தின் அறிவுறுத்தலே கூறுகிறது. சிறுநீரகம் பெரிதும் பழுதுற்றவர்களுக்கும் அதில் கட்டுப்பாடு உண்டு. எந்த ஸ்ரற்றினை உட்கொள்ளும்போதும் தசைகளில் கடும் நோவு கண்டு, சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுத்துப் போனால், உடனே வைத்தியரை அணுக வேண்டும். கரைந்த தசை சிறுநீரகத்தை அடைக்கும் அரிய ஆபத்தின் அறிகுறி அது.

உயிர்காக்கும் மாத்திரையும் உயரும் இலக்கமும்

இனி, பாரிசிலிருந்து வந்த தீர்ப்புக்கு வருவோம்.

இருதயத் தளர்ச்சியுள்ளோரின் ஆயுளை நீட்டும் மருந்துகள் வேறு. 1987இல் நோர்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளில் மிகக் கடுமையான தளர்ச்சியுள்ள 253 பேருக்கு எனலாபிரில் என்ற மாத்திரையும் வெறும் மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டனர். ஆறு மாதங்களில் வெறும் மாத்திரை பெற்றோரில் 44 வீதத்தினர் இறந்தனர்; எனலாபிரில் பெற்றோரில் 26 வீதத்தினரே இறந்தனர். முன்னர் கூறிய, சிறுநீரகம் தவறாகத் தூண்டிவிடும் சுரப்புகளை அடக்குவதே இதன் தொழில். அவ்வாறு அடக்கும்போது சிறுநீரகத்தின் வடிகட்டும் அழுத்தமும் சற்றுக் குறைவதால், தொடக்கத்தில் கிரியற்றினின் சிறிது உயரும். 30 வீதம் வரையான உயர்வை வைத்தியர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டு, மருந்தைத் தொடர்ந்து, பரிசோதனையை மீளச் செய்வர். அது சிறுநீரகம் கெட்டதன் அடையாளமன்று. மருந்து வேலை செய்வதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

நீரிழிவுக்கென உருவாக்கப்பட்ட டபாகிளிபுளோசின் என்ற மருந்தும் அத்தகையதே. 2019இல் வெளியான ஆய்வில் 4,744 பேரிடம் அது இருதயத் தளர்ச்சி முற்றுவதையும் இருதய மரணத்தையும் சேர்த்து 26 வீதத்தால் குறைத்தது. நீரிழிவு இல்லாதவர்களுக்கும் பயன்பட்டது. தொடக்கத்தில் சிறுநீரக இலக்கம் சற்று இறங்கும். ஆண்டுகள் செல்லச் செல்லச் சிறுநீரகத்தை அது காப்பது தெரியும். 2020ஆம் ஆண்டிலிருந்து சிறுநீரக நோயாளரிடம் நடந்த ஆய்வுகளும் இதனையே உறுதிசெய்தன.

ஆயினும் இம்மருந்துகளை விளையாட்டாகக் கொள்ளலாகாது என்பதற்குக் கனடாவிலிருந்து ஒரு பாடம் உண்டு. ஸ்பைரனோலக்ரோன் என்ற மாத்திரை கடும் இருதயத் தளர்ச்சியில் மரணத்தை 30 வீதத்தால் குறைக்கும் என்று 1999இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. உடனே ஒன்ராறியோ மாகாணத்தில் அதனை எழுதிக்கொடுப்பது பெருகிற்று. குருதியில் பொற்றாசியம் அளவுமீறி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டோர் தொகை 1994இல் ஆயிரத்துக்கு 2.4 ஆக இருந்து, 2001இல் ஆயிரத்துக்கு 11 ஆக உயர்ந்தது. பொற்றாசியம் மிகுந்தால் இருதயத் துடிப்பு திடீரெனக் குழம்பி நின்றுவிடவும் கூடும். நல்ல மருந்தே, போதிய குருதிப் பரிசோதனை இன்றிக் கொடுக்கப்பட்டபோது ஆபத்தாயிற்று.

எனவே விதி இதுதான்: மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது, பரிசோதனையைத் தவறவிடவும் கூடாது. வாந்தி, வயிற்றோட்டம், கடுங்காய்ச்சல் வந்து உடல் நீரிழந்த நாட்களில் சில மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த நேரிடலாம். எவற்றை, எத்தனை நாளுக்கு என்பதை முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

எமது அடுப்படியில் உள்ள ஆபத்துகள்

கொலஸ்ரோலுக்கு அஞ்சி முட்டையையும் தேங்காய்ப்பாலையும் ஒதுக்கிவிட்டு, கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயும் தட்டில் வைக்கும் வீடுகள் உண்டு. தளர்ந்த இருதயத்துக்கு அன்றாடம் பகையாவது உப்பே. நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேற்படாமல், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உட்பட, எல்லா உணவிலும் சேர்ந்து உப்பு இருக்க வேண்டும். தகரமீன், கடைச் சூப், பாண் ஆகியவற்றில் மறைந்திருக்கும் உப்பும் இக்கணக்கில் அடங்கும்.

அதற்காக, ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடைகளில் விற்கப்படுவதை வாங்கிவிடாதீர்கள். அவற்றில் பல பொற்றாசியம் கலந்தவை. மேற்கூறிய மாத்திரைகளை உட்கொள்வோருக்கும் சிறுநீரகம் தளர்ந்தோருக்கும் அவை தீங்காகலாம். இளநீரிலும் பொற்றாசியம் மிகுதி. ஊருக்குச் சென்றவர்கள் ஆசைக்கு அளவின்றிக் குடிப்பதற்கு முன்னர் வைத்தியரைக் கேட்பது நன்று.

முழங்கால் நோவுக்கென மருந்துச்சீட்டு இன்றி வாங்கும் ஐபுபுறூபன், டைக்குளோபினக் போன்றவை இருதயத் தளர்ச்சியில் விலக்கப்பட வேண்டியவை. அவை உப்பையும் நீரையும் தேக்கிச் சிறுநீரகக் குருதி ஓட்டத்தையும் குறைக்கின்றன. நோவுக்கு எது பொருந்தும் என்பதை மருந்தகத்தில் கேட்கும்போது, இருதய நோயாளர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஊர் மருந்து இயற்கையானது, தீங்கற்றது என்ற நம்பிக்கையும் எம்மிடையே ஆழ வேரூன்றியது. 1993இல் பெல்ஜியத் தலைநகர் பிரசல்சிலிருந்து ஒரு செய்தி வந்தது. உடல் மெலிவதற்கென மூலிகை மாத்திரை உட்கொண்ட இளம்பெண்களின் சிறுநீரகங்கள் விரைவாக அழிந்தன. காலப்போக்கில் நூறுக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டமை தெரியவந்தது. காரணமான நஞ்சு அரிஸ்ரோலோக்கியா என்ற தாவர இனத்துக்குரியது. எமது நாட்டு மருத்துவத்தில் பயன்படும் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே இனத்தைச் சேர்ந்தவை. மரபு மருத்துவத்தை இழிவுபடுத்துவது எமது நோக்கமன்று. பொதியில் வருவது யாது என்று அறியாமல் உட்கொள்ளவேண்டாம் என்பதே எமது வேண்டுகோள்.

வைத்தியர் முன்னால்

அகதி வாழ்வில் நோயைவிட நோயைச் சொல்ல முடியாமை பெருந்துன்பமாகிவிடுகிறது. பத்து வயதுப் பேரப்பிள்ளை தாத்தாவுக்கும் வைத்தியருக்கும் இடையே நின்று மொழிபெயர்க்கிறது. ‘சிறுநீர் எப்படிப் போகிறது’ என்ற வினாவுக்குத் தாத்தா பிள்ளை முன் வெட்கப்பட்டு ‘சுகமாய்ப் போகுது’ என்கிறார். வைத்தியரின் கேள்வியும் வீணாகிறது, மருந்தின் அளவும் பிழைக்கிறது. நோர்வேயில் 2022 முதல் நடைமுறையிலுள்ள சட்டம், அவசர வேளை போன்ற விலக்குகள் தவிர, அரச நிறுவனங்கள் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதைத் தடைசெய்கிறது. பிரித்தானியத் தேசிய சுகாதாரச் சேவையிலும் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்கலாம். நாள் குறிக்கும்போதே கேளுங்கள், அது சலுகையன்று.

விசா முடிவு வராதவர்கள் வைத்தியரிடம் செல்லத் தயங்குவதும் எமக்குத் தெரியும். ஜேர்மனியில் புகலிடம் கோருவோருக்கான 1993ஆம் ஆண்டுச் சட்டம் கடும் நோய்க்கும் நோவுக்கும் சிகிச்சை பெற இடந்தருகிறது. மூச்சு முட்டுவதும் கால் வீங்குவதும் ‘பிறகு பார்ப்போம்’ என்று தள்ளிவைக்கத்தக்க நோய்கள் அல்ல.

செல்லும்போது, உட்கொள்ளும் மாத்திரைகள் யாவற்றையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். ஊரிலிருந்து வந்தவையும் அதில் இருக்கட்டும். பின்வரும் வினாக்களைக் கேளுங்கள்:

எனது கிரியற்றினின் எவ்வளவு? முன்னர் எவ்வளவு? வயதையும் பாலையும் சேர்த்துக் கணிக்கும் வடிகட்டும் திறன் எவ்வளவு? அது மூன்று மாதங்களுக்கு மேலாக 60 இன் கீழ் நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய் எனப்படும். உடல் மெலிந்து தசை குறைந்தவர்களுக்குக் கிரியற்றினின் உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும் என்பதையும் மனத்திற்கொள்ளுங்கள்.

எனது பொற்றாசியம் எவ்வளவு? அடுத்த குருதிப் பரிசோதனை எப்போது?

எனது நிறை எவ்வளவு இருக்க வேண்டும்? எவ்வளவு கூடினால் உங்களை அழைக்க வேண்டும்?

கடைசி வினா மிக முக்கியமானது. ஒவ்வொரு காலையும் சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், ஒரே தராசில் நிறுத்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். மூன்று நாட்களுக்குள் 2 கிலோகிராமுக்கு மேல் கூடினால் அது சதையன்று, நீரே. அன்றைக்கே வைத்தியருக்குத் தெரிவியுங்கள். படுக்க முடியாமல் மூச்சு முட்டினாலோ, நெஞ்சு நொந்தாலோ, மயங்கி விழுந்தாலோ அவசர உதவியை அழையுங்கள். ஐரோப்பிய நாடுகளில் 112, பிரித்தானியாவில் 999, கனடாவில் 911, அவுஸ்திரேலியாவில் 000.

இலண்டன் வீட்டுக்குத் திரும்புவோம். அங்கே செய்யவேண்டியது மாத்திரைகளைக் குப்பையில் போடுவதன்று. வீங்கிய காலையும் மூன்று தலையணைகளையும் தளர்ந்த காற்சட்டையையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தேங்கிய நீரைச் சிறுநீர் பெருக்கும் மருந்தால் வெளியேற்றினால், சிறுநீரகத்தின் மீதான அழுத்தம் தணிந்து கிரியற்றினின் இறங்குவதும் உண்டு. எந்த மருந்தைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று அப்போதுதான் அவரால் தீர்மானிக்க முடியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை பாரிசுக்கு அழைக்கும்போது, “கொலஸ்ரோல் எவ்வளவு?” என்று அண்ணன் கேட்கவேண்டாம். “அப்பாவின்ரை நிறை எவ்வளவு? கால் வத்திட்டுதோ? கிட்னிக்கு எப்ப இரத்தம் எடுக்கினம்?” என்று கேட்கட்டும்.

(இக்கட்டுரை பொது அறிவுக்கானது. தங்கள் வைத்தியரின் ஆலோசனையின்றி எந்த மருந்தையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.)